ஐந்நூற்றொன்று

புதுக் காலண்டர் வந்ததும்
பண்டிகை பார்ப்பதில்லை நான்.
பின்னட்டையைத் திருப்பி முகூர்த்த நாட்களை எண்ணுவேன்.
இந்த வருஷம் ஐம்பத்து மூன்று.
அதில் தேய்பிறை பதினெட்டு.
தேய்பிறையில் கூப்பிடுகிறவர்கள் குறைவு,
கூப்பிட்டாலும் பேரம் பேசுவார்கள்.

ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியதற்கு
மாதம் பிறந்தால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு ரூபாய்.
பாவாயியின் சர்க்கரை மாத்திரைக்கும்
கேஸ் சிலிண்டருக்கும் நடுவே
அது எந்தச் சந்தில் நுழைந்து மறைகிறதென்று
கணக்குப்பிள்ளைக்கே தெரிவதில்லை.

மிச்சத்துக்குத்தான் மொய் எழுதப் போவது.
சாயங்காலம் ரிசப்ஷன், விடிகாலை முகூர்த்தம்,
இரண்டுக்கும் சேர்த்து எண்ணூறு. சாப்பாடு உண்டு.
இலையில் விழுந்த லட்டு சட்டைப்பைக்குள் போகும்:
பாவாயிக்கு ஆகாது,
எதிர்வீட்டுப் பையனுக்கு ஆகும்.

ஆடியில் போன் அடிக்காது.
குகையில் வண்டி வேடிக்கை பார்க்க ஊரே நெரியும்.
அந்த நெரிசலில் நானும் இருப்பேன்,
மளிகைக்கடைத் தணிகாசலம் கண்ணில் படாமல்.

கூப்பிட்ட பிறகு வேண்டாமென்பதும் உண்டு.
போன வைகாசியில்
சீலநாயக்கன்பட்டிக்கு டிக்கெட் எடுத்த கையோடு போன்:
"அண்ணா, கம்ப்யூட்டர் வச்சுட்டாங்கண்ணா."
இறங்கி, வந்த வழியே நடந்தேன்.
டிக்கெட் காசாவது நடந்து தீரட்டும் என்று.

ஆவணியில் அதே கம்ப்யூட்டர்ப் பையன் கூப்பிட்டான்.
மேளச் சத்தத்தில் பெயர் பிடிபடவில்லையாம்.
கன்னங்குறிச்சி கந்தசாமியா, கருப்பூர் கந்தசாமியா,
நான் கேட்டுச் சொல்ல அவன் தட்ட
நானூறு.
பாதி ஆள், பாதிக் கூலி. நியாயம்தான்.

பெரிய வில்லங்கம் வேறு.
எனக்கு வேலை கிடைக்கிற நாளில்தான்
எனக்குப் பத்திரிகையும் வந்திருக்கும்.
மகள் கல்யாணத்து நோட்டு பீரோவில் கிடக்கிறது,
நூற்றெண்பத்தாறு பெயர்.
வட்டியில்லாக் கடன்தான்.
வசூல் தேதியை மட்டும் அவர்கள் குறிப்பார்கள்.

தை பிறந்து மூன்றாவது முகூர்த்தம்.
ஐந்து ரோடு மண்டபம்.
சந்தனக் கிண்ணத்தைத் தள்ளி வைத்து
பிள்ளையார் சுழி போட்ட பிறகுதான் நிமிர்ந்தேன்.
மாப்பிள்ளைக்கு அப்பா, ஆலையில் மூட்டை எண்ணிய குப்பண்ணன்.
"அட அர்த்தனாரி! பத்திரிகை வைக்க வீடு தெரியலப்பா"
என்று தோளில் ஒரு தட்டு.
என் நோட்டில் அவர் நாற்பத்தேழாம் வரி.
ஐந்நூற்றொன்று.

கூட்டம் வந்தது, எழுதினேன்.
நூறு, இருநூறு, தாய்மாமன் பத்தாயிரம்,
எண்ணி ரப்பர்பேண்டு போட்டு மஞ்சப்பையில் போட்டேன்.
கடைசிப் பந்தி அடங்கும் நேரம்
மேசை ஓரத்தில் ஓர் உறை. மேலே பெயரில்லை.
உள்ளே ஐந்நூறு ரூபாய்த் தாள்,
கூடவே ஒரு ரூபாய் நாணயம்.

சுற்றிலும் ஆளில்லை.
மேடையில் போட்டோக்காரன் பெண்ணைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.
பேனா மூடியைத் திறந்தேன். மூடினேன்.
மின்விசிறி அந்தப் பக்கத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டியது.
ஒரு வரி. என் கையெழுத்தில் என் பெயர்.
யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

பெயர் இல்லை — 501
என்று எழுதினேன்.
முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம்,
அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

விடிந்து, தாலி ஏறி, கணக்கு ஒப்படைத்ததும்
குப்பண்ணன் எண்ணூறைக் கையில் வைத்தார்.
நோட்டைத் திரும்ப வாங்கி
அர்த்தனாரி, பொன்னம்மாபேட்டை
என்று கடைசி வரியில் எழுதி
ஒரு ஐந்நூறை மஞ்சப்பைக்குள் திருப்பிப் போட்டேன்.
அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.
சொல்வாரோ என்று ஒரு நொடி நின்றேன்தான்.

ஒரு ரூபாய் நாணயம் மட்டும் இல்லை.
தாம்பூலப்பை கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம்
கடன் கேட்டேன்.
சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.
அவள் பெயரைக் கேட்டு வைக்காமல் வந்துவிட்டேன்.